தரையேறிய படகு: பழைய மீன்பிடிப் படகொன்றை வாங்குமுன் வாசிக்க வேண்டிய வரலாறு

படகு என்பது நீரிற் கிடக்க வேண்டிய பொருள் என்றே உலகின் பெரும்பாலான மக்கள் நெடுங்காலமாக எண்ணியிருந்தனர். துறையிலோ கழிமுகத்திலோ நங்கூரமிட்டோ முளையிற் கட்டப்பட்டோ அது கிடக்கும். அதன் உரிமையாளன் அதனைத் தேடி நீர்க்கரைக்குப் போவான். வீட்டு வாசலில், மோட்டார் வாகனத்துக்குப் பக்கத்தில், இரண்டு சக்கரங்களின் மேல் ஏறி நின்று சனிக்கிழமை விடியலுக்காகக் காத்திருக்கும் மீன்பிடிப் படகு இருபதாம் நூற்றாண்டின் பிள்ளை. அதிலும் குறிப்பாக வட அமெரிக்காவின் பிள்ளை.

இந்தப் பொதுவிதிக்கு நமது முன்னோர் ஒரு விலக்கு. சோழமண்டலக் கரையிலும் நமது வடமராட்சிக் கரையிலும் கட்டுமரம் கொண்டு தொழில் செய்தவர்கள் கரை சேர்ந்ததும் அதன் கட்டுகளை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலிற் காயவிடுவது வழக்கம். அம்மரங்கள் மென்மரங்கள். நீர் குடித்தால் பாரம் ஏறும்; பாரம் ஏறினால் மிதப்புக் குறையும். நாளாந்தம் தரையேற வேண்டிய படகு அது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697இல் வெளியிட்ட தம் பயண நூலில் இச்சொல்லைக் கையாண்டார். பின்னாளில் இச்சொல் ஆங்கிலத்தில் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கலாயிற்று என்பது வேறு கதை. நீர் குடித்த மரம் மிதக்காது என்ற அந்தப் பழைய உண்மையை மட்டும் வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். இக்கட்டுரையில் அது மீண்டும் தேவைப்படும்.

இந்தச் சங்கதிகளை நான் தேடத் தொடங்கியமைக்கு ஒரு மின்னஞ்சலே காரணம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வசிக்கும் என் பெறாமகன் ஒரு பழைய படகை விலை பேசியிருந்தான். பதினாறடி அலுமினியப் படகு, நாற்பது குதிரைவலு எவின்ரூட் இயந்திரம், இரண்டையும் சுமக்கும் ட்ரெய்லர். மூன்றுக்கும் சேர்த்து ஒரே விலை. 1985ஆம் ஆண்டுப் படகு என்று விற்பவர் சொன்னாராம். "பெரியப்பா, வாங்கலாமோ? நீங்கள் வரலாறு படித்தவர்தானே, பழஞ்சாமான் பற்றி உங்களுக்குத் தெரியாமலா?" என்று கேலியாகக் கேட்டிருந்தான். மின்னஞ்சலின் அடியில் அவனுடைய மனைவி இரண்டே வரி சேர்த்திருந்தார்: "மாமா, சின்னவை இரண்டு பேரையும் ஏத்திக்கொண்டு போகப் போறாராம். எனக்கு அதுதான் பயம்."

கேலிக்குப் பதில் சொல்லாமல் இருந்துவிடலாம். பயத்துக்கு அப்படி இருந்துவிட முடியாது. கடற்கரைக் கிராமத்திற் பிறந்தும், ஏழு வயதில் நாட்டைவிட்டுப் போனதால் துடுப்புப் பிடித்தறியாதவன் அவன். தன் பிள்ளைகளுக்காவது நீரைப் பழக்கிவிட வேண்டும் என்ற அவனுடைய ஆசை எனக்கு விளங்காத ஒன்றல்ல. எனவே, பத்திரிகைக்காரனுக்குரிய பிடிவாதத்துடன் நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் புரட்டினேன். புரட்டப் புரட்ட ஒன்று தெளிவாகியது. அவன் வாங்கப் போவது ஒரு பொருளையன்று. படகுடல், இயந்திரம், ட்ரெய்லர் என மூன்று பொருள்களையும் அவற்றோடு ஒட்டிவரும் சட்டத்தையும் சேர்த்தே வாங்குகிறான். நான்குக்கும் தனித்தனி வயது உண்டு. ஒவ்வொன்றும் தான் பிறந்த பத்தாண்டின் குணத்தையும் குறையையும் இன்றுவரை சுமந்துகொண்டு நிற்கின்றது.

முதலில் இயந்திரத்தின் கதையைப் பார்ப்போம்.

ஓல் எவின்ரூட் 1877இல் நோர்வேயிற் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோருடன் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர். (நோர்வேக்காரர் என்றதும் நம்மவர்க்கு 2002ஆம் ஆண்டுச் சமாதானப் பேச்சே நினைவுக்கு வரும். இவர் அதற்கு வெகுகாலம் முந்தியவர்.) ஒரு கோடை நாளில் தம் காதலிக்காக ஏரியின் மறுகரையிலிருந்து ஐஸ்கிறீம் வாங்கித் துடுப்பு வலித்து வந்தாராம். கரைக்கு வருமுன் அது உருகிவிட்டதாம். அந்த ஏமாற்றத்திலேதான் படகின் பின்புறத்திற் கொழுவிவிடக்கூடிய இயந்திரம் பற்றிய எண்ணம் அவருக்குத் தோன்றியது என்பார்கள். கதை எவ்வாறாயினும், 1909இல் அவர் விற்பனைக்கு விட்ட இயந்திரம் ஒன்றரைக் குதிரைவலு உடையது. எடை 62 இறாத்தல். விலையும் 62 டொலர். இத்தகைய இயந்திரத்தை முதன்முதலிற் செய்தவர் அவரல்லர். டிட்ரொய்ட் நகரத்துக் கமரன் வோட்டர்மன் 1907இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால், பாமரனும் வாங்கிப் பூட்டி ஓட்டக்கூடிய பண்டமாக அதனை ஆக்கிய பெருமை எவின்ரூட்டுக்கும், விளம்பரத்தையும் கணக்கையும் தன் கையில் எடுத்துக்கொண்ட அவருடைய மனைவி பெஸ்ஸுக்கும் உரியது. பெஸ்ஸின் உடல்நலம் குன்றியதால் அவர்கள் தொழிலை விற்றுவிட்டு ஒதுங்கியிருந்ததும், பின்னர் 1921இல் அலுமினியத்தால் எடை குறைத்த புதிய இயந்திரத்துடன் திரும்பி வந்ததும் தனியே எழுதத்தக்கவை.

வெளியிணைப்பு இயந்திரத்தின் உண்மையான புரட்சி வேகமன்று. இயந்திரம் படகிலிருந்து பிரிந்து கையிலே வந்துவிட்டது என்பதே புரட்சி. இயந்திரத்தைக் கழற்றலாம் என்றால் படகை இலேசாகச் செய்யலாம். படகு இலேசானால் அதைத் தூக்கலாம். தூக்கக்கூடியதை வண்டியிலும் ஏற்றலாம்.

ஆனால், படகை இலேசாக்க ஏற்ற பொருள் அப்போது இருக்கவில்லை. பலகைப் படகைத் தரையில் வைத்தால் பலகை காய்ந்து பொருத்துகள் விரியும். மறுபடி நீரிலிட்டால் பலகை ஊறிப் பருக்கும்வரை ஒழுகும். ஆகையால் மரப்படகு தரைவாழ்வுக்கு ஒத்துவரவில்லை. இந்த முடிச்சை அவிழ்த்தது இரண்டாம் உலகப் போர். போர் விமானங்களைச் செய்த கிறம்மன் நிறுவனம், போர் முடிந்து விமானங்களுக்கான கேள்வி வற்றியபோது, அதே அலுமினியத் தகட்டையும் அதே தறையாணியையும் கொண்டு சிறு வள்ளங்கள் செய்யத் தொடங்கியது. பின்னர் வட அமெரிக்காவின் ஏரிப்புறங்களில் அலுமினியப் படகுத் தொழிற்சாலைகள் பல எழுந்தன. மறுபுறம் ஒகாயோ மாநிலத்து ரே கிறீன் 1942இல் பொலியெஸ்டர் பிசினும் கண்ணாடியிழையும் சேர்த்துப் படகு வார்த்துக் காட்டினார். ஐம்பதுகளில் அந்த முறை தொழிற்சாலைகளுக்குள் புகுந்தது. அலுமினியமும் கண்ணாடியிழையும் காய்ந்தால் விரிவதில்லை, ஊறினாற் பருப்பதில்லை. வெயிலிலும் பனியிலும் முற்றத்தில் நிற்கலாம்.

ஆயினும், இவ்விடத்தில் ஒரு விடயத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். பழைய மரம் முற்றாகப் போய்விடவில்லை, மறைந்துகொண்டது. இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகைக்குள்ளும் கால்மிதிக்கும் தளத்துக்கு அடியிலும் ஒட்டுப்பலகையை வைத்து, மேலே அலுமினியத் தகட்டாலோ கண்ணாடியிழையாலோ மூடும் வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. மேலுறையில் ஆணி துளைத்த ஓர் ஓட்டையை எவராவது ஒழுங்காக அடைக்காமல் விட்டால் போதும். நீர் உள்ளே இறங்கும், வெளியேற வழியில்லை. கட்டுமரக்காரன் நாளாந்தம் அவிழ்த்துக் காயவைத்த மரத்தை, நவீன படகு உறைக்குள் பூட்டி ஊறவைத்தது. முப்பது நாற்பது ஆண்டுகள் சென்ற படகொன்று வெளியே பளபளத்தாலும் உள்ளே உக்கிப்போய் இருக்கலாம் என்பதன் சூட்சுமம் இதுதான்.

படகு இலேசாகிவிட்டது, இனி அதனைக் கொண்டுபோக வழியும் இறக்க இடமும் வேண்டுமல்லவா? அவற்றை அமைத்துக் கொடுத்தது அரசாங்கம். 1933இல் தொடங்கப்பட்ட தெனசி பள்ளத்தாக்கு அதிகார சபை போன்ற அமைப்புகள் ஆறுகளை மறித்து அணைகளைக் கட்டின. மின்சாரத்துக்காகவும் வெள்ளத் தடுப்புக்காகவும் கட்டப்பட்ட அணைகளின் பின்னால், முன்பு ஏரியே இல்லாத மாநிலங்களிலும் பெரும் ஏரிகள் தோன்றின. 1956ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளைத் தந்தது. ஒரு வாரம் ஓர் ஏரி, மறுவாரம் இன்னோர் ஏரி என்று அலைய விரும்பியவனுக்கு ட்ரெய்லர் இன்றியமையாததாயிற்று. ரே ஸ்கொட் என்பவர் 1967இல் ஆர்கன்சோ மாநிலத்தின் பீவர் ஏரியில் மீன்பிடிப் போட்டி ஒன்றை நடத்தி, இப்பொழுதுபோக்கை ஒரு விளையாட்டாக்கினார். மறு ஆண்டே அதே மாநிலத்தில் ஃபொரெஸ்ட் வூட் என்பவர் அந்த விளையாட்டுக்கென்றே படகு கட்டத் தொடங்கினார். 1984இல் செனற்றர் வாலப், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் புறோ ஆகிய இருவரின் பெயரால் அழைக்கப்படும் சட்டம் வந்தது. படகுகளுக்கு ஊற்றும் பெற்றோலின் மீதான வரியில் ஒரு பங்கைப் படகு இறக்கும் சரிவுத் தளங்களுக்கு ஒதுக்கியது அது. சாதாரண தொழிலாளியும் படகுக்காரன் ஆனமைக்கு இவை யாவும் காரணங்கள்.

இனி வருவதே என் மருமகளின் பயத்துக்கு உரிய பகுதி.

அறுபதுகளில் இந்தப் படகுகளை யாரும் எப்படியும் கட்டலாம் என்ற நிலை இருந்தது. எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு வலுவுள்ள இயந்திரத்தைப் பூட்டலாம், கவிழ்ந்தால் என்னவாகும் என்பவற்றுக்குக் கட்டாயமான விதி இருக்கவில்லை. அக்கறையுள்ள தயாரிப்பாளர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டிக் ஃபிஷர் என்பவர் 1958இல் அறிமுகப்படுத்திய பதின்மூன்றடி பொஸ்டன் வேலர் படகின் இரு ஓடுகளுக்கிடையே நுரைப்பொருள் நிரப்பப்பட்டிருந்தது. அதனை வாளால் இரண்டாக அறுக்க, அவர் சலனமின்றி உள்ளே அமர்ந்திருக்கும் படங்களை 1961இல் லைஃப் சஞ்சிகை வெளியிட்டது. அறுபட்ட பாதியும் மிதந்தது. ஆனால், அது ஒரு தயாரிப்பாளரின் கெட்டித்தனம், நாட்டின் சட்டமன்று.

சட்டம் 1971இல் வந்தது. கூட்டாட்சிப் படகுப் பாதுகாப்புச் சட்டம் என்பது அதன் பெயர். அதன்படி 1972 நவம்பர் முதல் அமெரிக்காவில் விற்பனைக்காகக் கட்டப்படும் ஒவ்வொரு படகிலும் பன்னிரண்டு எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாள எண் பொறிக்கப்பட வேண்டும். சிறுபடகுகளில் எத்தனை பேர், எவ்வளவு பாரம், எவ்வளவு குதிரைவலு என்பதைச் சொல்லும் தகடு அறையப்பட வேண்டும். அதன் தொடர்ச்சியாக 1978இல் மற்றுமொரு விதி நடைமுறைக்கு வந்தது. இருபதடிக்குக் குறைந்த, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டும் படகுகள் நீரால் நிரம்பினாலும் மட்டமாக மிதக்க வேண்டும் என்றது அவ்விதி.

இந்த "மட்டமாக" என்ற சொல்லை வாசகர்கள் சாதாரணமாகக் கடந்து போய்விடக் கூடாது. அதற்கு முந்திய படகுகள் பலவற்றில் மிதப்புப் பொருள் இருந்தும், நீர் ஏறியதும் இயந்திரத்தின் பாரத்தால் பின்புறம் அமிழ்ந்து, அணியம் மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அல்லது படகு குப்புறப் புரண்டுவிடும். ஏறியிருந்தவர்கள் வழுக்கும் ஓட்டைப் பிடித்தபடி நீரிலேயே தொங்க வேண்டும். மட்டமாக மிதக்கும் படகிலோ, இடுப்பளவு நீர் நின்றாலும் உள்ளேயே அமர்ந்து உதவிக்குக் காத்திருக்கலாம். நமது வெப்பக்கடலில் இந்த வேறுபாடு அத்துணை பெரிதாகத் தோன்றாது. வடநாட்டு ஏரியில் அது உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட வேறுபாடு. மனிற்றோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீர் ஆபத்தை ஒன்று, பத்து, ஒன்று என்ற கணக்கில் விளக்குவார். விழுந்த அதிர்ச்சியில் தடுமாறும் மூச்சை அடக்க ஒரு நிமிடம்; கைகால் சொற்கேட்கும் காலம் ஏறத்தாழப் பத்து நிமிடம்; உடற்சூடு இழந்து நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். பத்து நிமிடத்துக்குப் பின் படகைப் பிடித்துத் தொங்கக் கை உதவாது என்பதே இதன் பொருள்.

விதி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை நாமும் நமது மண்ணிற் கண்டோம். 2004ஆம் ஆண்டுச் சுனாமி இலங்கையின் மீன்பிடிக் கலங்களிற் பெரும்பகுதியை அழித்தது. உதவி நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கண்ணாடியிழைப் படகுகளை வழங்கின. அவசரத்தில் முளைத்த பட்டறைகளிற் செய்யப்பட்ட படகுகள் பல தரமற்றவை என்பது பின்னர் தெரியவந்தது. கொடுத்தவர் மனம் நல்லதாயிருந்தது. கொடுத்த படகு நல்லதாயிருக்கவில்லை. படகு எப்போது, எந்த விதியின் கீழ் கட்டப்பட்டது என்று கேட்பது வெறும் ஆவணப் பைத்தியமன்று.

ஆகவே, பெறாமகனுக்கு நான் எழுதிய முதற்பதில் ஒரே ஒரு வேலையைச் சொன்னது. "படகின் பின்புறத்தில், வலக்கைப் பக்கத்து மேல்மூலையில் ஓர் எண் இருக்கும். அதை எழுதி அனுப்பு. விலை பற்றிப் பிறகு கதைப்போம்."

எண் வந்தது. அதன் கடைசி நான்கு இலக்கங்கள் 0576. இன்றைய முறையில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மாதிரி ஆண்டைக் குறிக்கும். ஆனால் அம்முறை 1984இல் வந்தது. அதற்கு முன்னர் இருவகை முறைகள் வழங்கின. அவற்றுள் ஒன்றில் கடைசி நான்கும் மாதத்தையும் ஆண்டையும் நேராகவே சொல்லும். 0576 என்றால் 1976ஆம் ஆண்டு மே மாதம். 1985ஆம் ஆண்டுப் படகு என்று சொன்னவர் பொய்யரும் அல்லர். அவர் அதனை மூன்றாம் கையாக வாங்கியவர். தமக்குச் சொல்லப்பட்டதையே சொன்னார். இயந்திரம் 1985இல் மாற்றப்பட்டதாம். நாளடைவில் இயந்திரத்தின் வயது படகுக்கும் ஒட்டிக்கொண்டது. அந்த ஒன்பது ஆண்டு வித்தியாசத்துக்குள்ளேதான் 1978ஆம் ஆண்டு விதி கிடக்கின்றது. இரண்டு சிறுவர்களை ஏற்றப் போகும் படகு, மட்டமாக மிதக்க வேண்டும் என்ற கட்டாயம் பிறக்குமுன் பிறந்த படகு.

அவன் எளிதில் விட்டுவிடவில்லை. "படகு பழசெண்டாலும் உறுதியாக நிக்குது, பெரியப்பா" என்று பதில் போட்டான். உறுதியைச் சோதிக்கும் வழிகளையும் எழுதி அனுப்பினேன். இயந்திரத்தைச் சாய்த்து உயர்த்தி, அதன் அடிமுனையை அழுத்திப் பார்க்க வேண்டும். பின்பலகை வளைந்து கொடுத்தால் உள்ளிருக்கும் மரம் உக்கிவிட்டது. தளத்தை நடந்து பார்த்து, மெத்தென்று இறங்கும் இடங்களைக் குறிக்க வேண்டும். பொது நிறுவைத் தட்டில் ட்ரெய்லரோடு நிறுத்து, தயாரிப்பாளர் சொன்ன எடையுடன் ஒப்பிட வேண்டும். கணக்குக்கு மேலே கூடுதல் பாரம் இருந்தால், தளத்தின் அடியிலுள்ள நுரை நீர் குடித்திருக்கிறது. நீர் குடித்த நுரை மிதப்பைத் தராது, பாரத்தையே தரும். நமது கட்டுமரக்காரனுக்குத் தெரிந்திருந்த அதே கணக்கு.

சோதித்தான். பின்பலகை வளைந்தது.

இயந்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. எவின்ரூட் பெயரும் அதன் பழைய போட்டியாளரான ஜோன்சன் பெயரும் முப்பதுகளின் நடுப்பகுதியில் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தவை. அந்நிறுவனம் 2000 டிசம்பரில் வங்குரோத்து அடைந்தது. 2001இல் கனடாவின் பொம்பாடியர் நிறுவனம் இயந்திரத் தொழிலை வாங்கியது. ஜோன்சன் பெயர் 2007இல் மறைந்தது. 2020இல் எவின்ரூட் இயந்திர உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. ஐஸ்கிறீம் உருகிய கதையோடு தொடங்கிய பெயர் நூற்றுப் பதினோராண்டில் முடிந்தது. இதனால் பழைய எவின்ரூட்டுகள் யாவும் குப்பை என்று கருதிவிடக் கூடாது. இலட்சக்கணக்கில் விற்ற பழைய எளிய இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் செய்யும் வேறு நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால், இறுதிக்காலத்து மின்னணு இயந்திரங்களை வாங்குவோர், உதிரிப்பாகமும் அவற்றைத் தெரிந்த திருத்துநரும் தம் ஊரிற் கிடைப்பார்களா என்று முதலிற் கேட்க வேண்டும்.

இன்னுமொரு கோடும் இங்கே உண்டு. பழைய இரண்டடிப்பு இயந்திரங்கள் தாம் குடிக்கும் பெற்றோலில் கால்வாசி வரையிற்கூட எரிக்காமலே நீரிற் கக்கின. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1996இல் விதித்த கட்டுப்பாடுகள் 1998 முதல் 2006 வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. நாலடிப்பு இயந்திரம் எங்கும் பரவியது அதன் பின்னரே. தாஹோ ஏரியில் 1999 முதல் பழைய வகை இரண்டடிப்பு இயந்திரங்களுக்குத் தடை உண்டு. தான் செல்ல விரும்பும் ஏரி எந்த இயந்திரத்தை ஏற்கும் என்பதும் வாங்குபவன் கேட்க வேண்டிய கேள்வி. இயந்திரத்தின் உடல்நிலைக்கு மூன்று சோதனைகள் போதும். சிலிண்டர்களின் அமுக்கம் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். அடியிலுள்ள பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பாற்கோப்பி நிறத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் நீர் புகுந்துவிட்டது. மூன்றாவது, குழாய்நீரில் முற்றத்தில் ஓட்டிக் காட்டுவதோடு திருப்திப்படாமல், ஏரியில் இறக்கிப் பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ட்ரெய்லர். படகு வாங்குவோர் அதனைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால், நெடுஞ்சாலையில் கழன்று ஓடும் சக்கரம் வேறு யாருடைய பிள்ளைகளையும் கொல்லக்கூடும். ட்ரெய்லரின் சக்கரக்குடத்துக்கு நேர்வது ஒரு விசித்திரமான வாழ்க்கை: நெடுந்தூரம் ஓடிச் சூடேறியதும் குளிர்நீரில் அமிழ்த்தப்படுகின்றது. சூடு தணியும்போது உள்ளே நீரை உறிஞ்சும்; பெயறிங் துருவேறும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். முதலிரண்டும் வாரம், மற்ற இரண்டும் ஆண்டு. பூ தேயாத டயரும் வயதால் வெடிக்கும். இந்த ட்ரெய்லருக்குச் சுற்றாடல் வரலாற்றிலும் ஓர் இருண்ட இடம் உண்டு. 1988இல் செயின்ட் கிளேயர் ஏரியிற் காணப்பட்ட வரிச்சிப்பி எனும் அந்நிய உயிரினம் பேரேரிகளிலிருந்து உள்நாட்டு ஏரிகளுக்குப் பரவியதில் ட்ரெய்லரிற் சென்ற படகுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. படகைத் தரைவழியே கொண்டுசெல்லுமுன் கழுவி நீரை வடித்துவிட வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவிற் சட்டம். படகு தரையேறியதால் வந்த சுதந்திரத்துக்கு ஏரிகள் கொடுத்த விலை இது.

இவ்வளவையும் அறிந்தபின் அவன் அந்தப் படகை வாங்கவில்லை. விற்பவரிடம் எண்ணின் பொருளைச் சொல்லிவிட்டே வந்தான். அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களாம். ஆறு மாதம் பொறுத்து, இவ்வாண்டு வசந்தத்தில், பதினான்கடிப் படகொன்றை வாங்கியிருக்கிறான். அதன் எண் 94 என்று முடிகின்றது. பின்பலகை அசையவில்லை, நிறுவையும் கணக்கோடு ஒத்தது. இயந்திரம் இருபது குதிரைவலு நாலடிப்பு. முதலாவதைவிடச் சிறியது, மெதுவானது, விலையும் சற்றுக் கூட. "நாலு பேருக்கு மேல் ஏத்தக் கூடாதெண்டு தகட்டில் கிடக்குது. நாங்கள் சரியாக நாலு பேர்" என்று மருமகள் எழுதியிருந்தார். உயிர்காப்பு அங்கிகளை அவரே தெரிவு செய்தாராம். கனடாவில் ஏறுபவர் ஒவ்வொருவருக்கும் அளவான அங்கி படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் படகில் வைத்திருப்பதோடு நில்லாமல் உடலில் அணிந்திருக்க வேண்டும் என்பது அவர் வீட்டுச் சட்டம். அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் அறிக்கைகளை ஆண்டுதோறும் பார்த்தால் அவர் சட்டமே சரியானது என்பது புரியும். படகு விபத்துகளில் மூழ்கி இறப்பவர்களிற் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அங்கி அணியாதவர்கள்.

கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வாழும் நம்மவர் பலர் இன்று இத்தகைய விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். அவர்களுக்குச் சொல்லக்கூடியது இதுதான். பழைய படகு வாங்குவதில் தவறில்லை. நன்கு பேணப்பட்ட முப்பதாண்டுப் படகு, பேணப்படாத ஐந்தாண்டுப் படகைவிட மேலானதாக இருக்கலாம். ஆனால், நிறத்தையும் விலையையும் பார்க்குமுன் எண்ணை வாசியுங்கள். நாட்டுக்கு நாடு எண்ணின் அமைப்பும் விதியும் வேறுபடும். கனடாவில் இவ்வெண் 1981 ஓகஸ்ட் முதலே கட்டாயம். எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, உரிமைப் பத்திரத்திலுள்ள எண்ணோடு ஒத்துவராவிட்டாலோ, எவ்வளவு மலிவாயினும் திரும்பி வந்துவிடுங்கள். ஏரியில் இறக்கிக் காட்ட மறுப்பவரிடமும் அவ்வாறே. அந்தப் பன்னிரண்டு எழுத்துகளும் பக்கத்திலிருக்கும் தகடும் அதிகாரிகளின் பொழுதுபோக்குக்காகப் பொறிக்கப்பட்டவையல்ல. அவை இல்லாத காலத்தில் நீரில் இறங்கிக் கரை திரும்பாதவர்களின் கணக்கைப் பார்த்த பின்னரே சட்டம் அவற்றைக் கேட்டது.